கறிக்கட்டையில ஒரு குழி

"இந்தக் கட்டை ஏன் நடுவுல மட்டும் குழிஞ்சிருக்கு?"

நேத்து ராத்திரி ரோல் பிளேயிங் கேம்ல, அதான் டேபிளைச் சுத்தி உக்காந்து ஆளுக்கொரு பாத்திரமா பேசிப் பேசியே கதையை நகர்த்துற விளையாட்டுல, பிளேயர் ஒருத்தர் கேட்ட கேள்வி. கதை நடத்துறது நான், டிராகன் குகைக்கு மேப் எல்லாம் போட்டு வச்சிருந்தேன், அவங்க என்னடான்னா கிராமத்துக் கறிக்கடைக்குள்ள நுழைஞ்சிட்டாங்க.

மூணு தலைமுறையா வெட்டி வெட்டித் தேஞ்சதுன்னேன். தாத்தா இடதுகைக்காரர், அதான் குழி ஒரு பக்கமா சாஞ்சிருக்குன்னேன்.

டேபிளே அமைதியாயிடுச்சு.

அதுக்கப்புறம் கடை தானா வளர ஆரம்பிச்சிருச்சு. ஃப்ரிட்ஜ் இல்லாத உலகம், பனிக்காலத்துல தீவனம் பத்தாது, அதனால அதுக்கு முன்னாடியே மாட்டை அடிச்சு கறியை உப்புல போட்டு, புகையில தொங்கவிட்டு வைக்கணும், கொழுப்பு மெழுகுவர்த்தி செய்றவருக்கு, தோல் பதனிடுறவருக்கு, கொம்பு சீப்பு செய்றவங்களுக்குன்னு போகும். ஊரே இந்தக் கடையைச் சுத்தித்தான்.

1974ல இந்த வகை விளையாட்டான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வந்ததுலேர்ந்து எத்தனையோ பேர் டிராகன் கதை சொல்லிட்டாங்க. எனக்கு என்னவோ இந்த மாதிரி ஒரு குடும்பக் கடைதான் அந்த உலகத்தையே நம்ப வைக்குது.

கிளம்பும்போது அந்த வீட்டுச் சின்னப்பொண்ணு மூலையில உக்காந்து கத்தி தீட்டப் பழகிட்டிருந்தா. அவளுக்கு இன்னும் பேர்கூட வைக்கல.

அடுத்த வாரம் டிராகன் இந்த ஊர் வழியா வரணும். எழுத உக்காந்தா கை வரவே மாட்டேங்குது.