கூரைக்குக் கீழே ஒரு பெயர்

ரொறன்ரோவின் பழைய நகர மண்டபத்தை இன்று கடக்கும்போது சும்மா அண்ணாந்து பார்த்தேன்.

கூரை விளிம்புக்குக் கீழே, ஒரு கல்லுக்கு ஓர் எழுத்து. கட்டடத்தைச் சுற்றி நடந்து கோத்து வாசித்தால்: ஈ. ஜே. லெனொக்ஸ், கட்டடக் கலைஞர், 1898.

பத்து வருட வேலை. செலவு ஏறியதில் மாநகர சபையோடு சண்டை. பெயர்க்கல் பதிக்கக் கேட்டார், சபை மறுத்துவிட்டது. சரி என்று கட்டடத்திலேயே செதுக்க வைத்துவிட்டார் மனுஷன்!

அப்புறம் கிங் எட்வர்ட் ஹோட்டல், 98 அறைகளோடு காசா லோமா மாளிகை என்று எத்தனையோ கட்டினார். எனக்கென்னவோ பிடித்தது இந்த எழுத்துகள்தான்.

ஒரு கட்டடத்தைப் பார்த்தால் யார் கட்டியது என்று நாம் கேட்பதே இல்லையே.

1960களில் இந்தப் பழைய நகர மண்டபத்தை இடிக்கப் பார்த்தார்கள். ஊர் மக்கள் விடவில்லை. வாசல் தூண்களின் உச்சியில் முறுக்குமீசையோடு ஒரு கல்முகம் இருக்கிறது. அது லெனொக்ஸேதான்.