எந்தப் பதிப்பில் கடலூர் இருக்கிறது?

பள்ளிக்குப் போகாமல் வீட்டிலேயே படிக்கும் ஹோம்ஸ்கூல் பிள்ளைகள் வாரம் ஒருமுறை கூடிப் படிக்கும் இடத்தில், சுவரில் பெரிய வரைபடம் ஒன்றை ஒட்டியிருந்தார்கள். ஆங்கிலேயரை எதிர்த்து அமெரிக்கப் புரட்சிப் போர் நடந்தபோது உங்கள் குடும்பம் எங்கே இருந்ததோ அங்கே ஆளுக்கொரு குண்டூசி குத்துங்கள் என்றார் வகுப்பெடுத்த அம்மா. ஒரு பையன் ஜெர்மனியில் குத்தினான். இன்னொருவன் அயர்லாந்தில். ஒரு சிறுமி ஃபிலடெல்ஃபியாவுக்குப் பக்கத்திலுள்ள வேலி ஃபோர்ஜில் குத்திவிட்டு, தன் பாட்டனுக்குப் பாட்டன் வாஷிங்டனோடு அங்கே பனியில் கிடந்தவர் என்றாள். அடுத்து என் மகள். வரைபடமோ ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையோடு முடிந்துவிட்டது. கொஞ்சம் யோசித்தாள். பிறகு வரைபடத்தைத் தாண்டி, நாலடி தள்ளி, வெறும் சுவரில் குண்டூசியைக் குத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். எல்லோரும் சிரித்தார்கள். அன்பான சிரிப்புதான், குறை சொல்ல முடியாது. காரில் ஏறியதும் கேட்டாள்: "அம்மா, அந்தச் சண்டைல நாம எந்தப் பக்கம்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அந்த வாரத்தில்தான் அடுத்த வருடத்துக்கான அமெரிக்க வரலாற்றுப் புத்தகம் வாங்கவேண்டியிருந்தது. பழைய பதிப்பா புதிய பதிப்பா என்று வீட்டில் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது.

ஹோம்ஸ்கூலுக்குள் எப்படி வந்தோம் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கொரோனா காலத்தில் தற்காலிகமாகத் தொடங்கியது அப்படியே நிலைத்துவிட்டது. நான் பி.எட். முடித்தவள். அப்போதிருந்த விசாவில் வேலைக்கும் போக முடியாது. வீட்டிலேயே ஒரு மாணவி இருக்கும்போது சும்மா இருப்பானேன்? பென்சில்வேனியாவில் இதற்கு வருடாவருடம் ஆகஸ்ட் 1க்குள் அஃபிடவிட் கொடுக்கவேண்டும். 180 நாளோ 900 மணி நேரமோ பாடம் நடத்தவேண்டும். வருடக் கடைசியில் பிள்ளையின் வேலைகளையெல்லாம் கோப்பாகத் தொகுத்து, மதிப்பீட்டாளர் ஒருவரிடம் காட்டவேண்டும். கடலூரில் அப்பாவிடம் இதைச் சொன்னபோது, "நோட்டரி பப்ளிக்கா? மனை வாங்குறதுக்குத்தானேம்மா அதெல்லாம்?" என்றார். கட்டாயப் பாடங்களின் பட்டியலில் அமெரிக்க வரலாறும் உண்டு, பென்சில்வேனியா வரலாறும் உண்டு. இது இரண்டையும் கற்றுத்தரும் பொறுப்பு, ஐந்தாம் வகுப்பில் பானிப்பட்டுப் போர்களை வரிசையாக ஒப்பித்துப் பரிசு வாங்கிய என் தலையில் விழுந்தது.

சரி, புத்தகத்துக்கு வருவோம். பழைய பதிப்பு ஒரே தடிப் புத்தகம், கறுப்பு வெள்ளைப் படங்கள். கதை சொல்வதுபோல ஓடும். பழைய புத்தக விற்பனையில் ஒரு பிரியாணி விலைக்குக் கிடைக்கும். புதியது இரண்டு பாகம், பளபளவென்று வண்ணம். கூடவே எழுதிக் கிழிக்கிற பயிற்சி நோட்டு. அதை ஒரு பிள்ளை எழுதிவிட்டால் அடுத்ததற்கு ஆகாது, மறுபடி வாங்கவேண்டும். ஆசிரியர் கையேடும் புதிய பதிப்புக்குத்தான் பொருந்தும். பழையதை வைத்துக்கொண்டு அந்தக் கையேட்டைப் பார்த்தால் 112ஆம் பக்கம் என்று அது சொல்கிற இடத்தில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் பட்டம் விட்டுக்கொண்டிருப்பார். என் கணவர் இரண்டு பதிப்பின் பக்க எண்களையும் எக்செலில் ஒத்துப்பார்த்து ஒரு அட்டவணை போட்டுவிடலாம் என்றார். எந்தப் பிரச்சினைக்கும் அவர் சொல்லும் முதல் யோசனை அதுதான்.

ஆனால் உள்ளடக்கத்தில் புதியதுதான் நேர்மையானது. பழையதில் வாஷிங்டன் தன் அடிமைகளிடம் அன்பாக நடந்துகொண்டார் என்று ஒரு வாக்கியம், அவ்வளவுதான். புதியதில் ஓனா ஜட்ஜ் வருகிறாள். ஃபிலடெல்ஃபியா தலைநகராக இருந்தபோது ஜனாதிபதி மாளிகையில் வேலை செய்த அடிமைப் பெண். பென்சில்வேனியாவின் 1780ஆம் வருடச் சட்டப்படி, வெளி மாநிலத்தார் கூட்டிவந்த அடிமை இங்கே ஆறு மாதம் தங்கிவிட்டால் விடுதலை கேட்கலாம். அதனால் வாஷிங்டன் குடும்பம் ஆறு மாதம் நிறைவதற்குள் அவர்களை ஏதாவது சாக்குச் சொல்லி எல்லை தாண்டி அனுப்பி, திரும்பக் கூட்டிவரும். 1796இல் ஓனா கப்பலேறி நியூ ஹாம்ப்ஷயருக்குத் தப்பிவிட்டாள். வாஷிங்டன் ஆள் விட்டுத் தேடியும் அவள் திரும்பவில்லை. அந்த மாளிகை இருந்த இடத்தில் 2010இல் ஒரு நினைவிடம் திறந்தார்கள். சுதந்திர மணியைப் பார்க்கப் போகிறவர்கள் அதைக் கடந்துதான் போகவேண்டும். அங்கே இருந்த ஒன்பது அடிமைகளின் பெயர்களைக் கல்லில் பொறித்திருக்கிறார்கள். ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் மணியோடு மட்டும் போட்டோ எடுத்துக்கொண்டு சரவணபவன் எங்கே என்று கேட்பார்கள்.

இந்த ஆறு மாதக் கணக்கைப் படித்தபோது என் மகள் சொன்னாள், "தாத்தாவும் பாட்டியும் ஆறு மாசம் ஆறதுக்குள்ள கிளம்பிடறாங்களே, அது மாதிரியா?" இல்லடி, அது வேற, இது வேற என்று விளக்கி முடிப்பதற்குள் குக்கர் மூன்று விசில் அடித்துவிட்டது. வேறுதான். ஆனாலும் அம்மா விமானம் ஏறும் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருப்பது ஒரு நிமிடம் கண்ணில் உறுத்தியது.

ஆக, புதியதையே வாங்கிவிடலாம் என்று முடிவாகும் நேரத்தில், இரவு எல்லோரும் தூங்கியபிறகு, நான் இரண்டு புத்தகங்களிலும் 'இந்தியா' எங்கெங்கே வருகிறது என்று கடைசிப் பக்கத்துச் சொற்பட்டியலைத் தேடினேன். பழையதில், புரட்சிப் போர் உலகம் முழுக்கப் பரவிய கதையில், ஸ்பெயின், ஜிப்ரால்டருக்கு அடுத்து அரை வரி: போர் தொலைதூர இந்தியா வரைக்கும் எட்டியது. புதிய பதிப்பில் அந்தப் பக்கமே இல்லை. இடம் போதவில்லை போலிருக்கிறது.

எனக்கு வந்த கோபத்தை என்னாலேயே நம்ப முடியவில்லை.

ஏனென்றால் அந்தத் 'தொலைதூர இந்தியா' எங்கள் ஊர். அமெரிக்கப் புரட்சிப் போரின் கடைசிச் சண்டை என்று வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுவது 1783 ஜூனில் நடந்த கடலூர்ச் சண்டையை. அமெரிக்காவின் யார்க்டவுனில் ஆங்கிலத் தளபதி கார்ன்வாலிஸ் சரணடைந்து ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அமெரிக்கர்களின் கூட்டாளிகளான பிரெஞ்சுக்காரர்கள், ஹைதர் அலியின் துணையோடு கடலூரைப் பிடித்து வைத்திருந்தார்கள். அதை மீட்க வந்த ஆங்கிலப் படை ஊருக்குத் தெற்கே முகாமிட்டது. ஜூன் 20 அன்று பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சஃப்ரென் 15 கப்பல்களோடு, ஆங்கிலத் தளபதி எட்வர்ட் ஹ்யூஸின் 18 கப்பல்களைக் கடலூர்க் கடலில் எதிர்கொண்டார். ஹ்யூஸ் சென்னைக்குத் திரும்பிப் போனார். இதில் வேடிக்கை என்னவென்றால் இங்கிலாந்தும் பிரான்சும் ஜனவரியிலேயே சமாதானத்துக்குக் கையெழுத்துப் போட்டாயிற்று. சேதி கப்பலில் வந்து சேர ஜூன் கடைசி. அதுவரை எங்கள் ஊரில் மனிதர்கள் செத்துக்கொண்டிருந்தார்கள்.

நான் படித்த பள்ளியில் இதை யாரும் சொல்லவில்லை. இம்பீரியல் ரோடு, லாரன்ஸ் ரோடு, ஓ.டி. என்கிற பழைய ஊரில் கிளைவ் தெரு என்று சைக்கிள் மிதித்துத் திரிந்தபோதும் தோன்றவில்லை. தேவனாம்பட்டினம் கோட்டையை மராத்தியரிடமிருந்து 1690இல் கிழக்கிந்தியக் கம்பெனி வாங்கியபோது, அங்கிருந்து பீரங்கி சுட்டு, குண்டு போய் விழுந்த தூரம்வரை உள்ள ஊர்களெல்லாம் கம்பெனிக்கு என்பது பேச்சு. குண்டு உப்பலவாடி என்று இன்றும் பஸ்ஸில் போர்டு பார்க்கலாம். அப்போது சென்னையில் தலைமை வகித்தவர் எலிஹு யேல். அவர் பெயர் இரண்டு பதிப்பிலும் இருக்கிறது, யேல் கல்லூரிக்கு நன்கொடை தந்த வள்ளல் என்று. காசு எந்த ஊரில் சம்பாதித்தது என்று இரண்டுமே எழுதவில்லை.

இங்கே நாங்கள் நன்றாகவே காலூன்றிவிட்டோம். பனி அள்ளுவதற்கு முன் முதுகை எப்படி வளைக்கவேண்டும் என்று தெரியும். கடையில் காபி வாங்கும்போது பெயரைச் சுருக்கிச் சொல்லத் தெரியும். இரவு பன்னிரண்டு மணிக்கு விளக்கைப் போட்டுக்கொண்டு சில்வர் பீச்சில் சுண்டல் விற்பவரின் வாளி எந்த நிறம் என்று நினைவுக்குக் கொண்டுவர முயல்வதெல்லாம் அதற்குப் பிறகுதான். மாலையில் கெடிலம் பாலத்தில் காற்று அடிக்கும், அப்பா ஸ்கூட்டரை மெதுவாக ஓட்டுவார், கருவாட்டு வாசனைக்கு அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்துவாள். வாளி நிறம் வரவே இல்லை.

மகளின் கேள்விக்கான விடையையும் அப்படித்தான் தேடவேண்டியிருந்தது. ஹைதர் ஆங்கிலேயரை அடித்தார் என்பதால் ஃபிலடெல்ஃபியாக்காரர்களுக்கு அவரை ரொம்பப் பிடித்திருந்தது. பென்சில்வேனியாவின் போர்க்கப்பல் ஒன்றுக்கே ஹைதர் அலி என்று பெயர். 1782 ஏப்ரலில் ஜோஷுவா பார்னி அதை வைத்து டெலவேர் விரிகுடாவில் ஜெனரல் மங்க் என்ற ஆங்கிலக் கப்பலைப் பிடித்தார். ஆகவே நாம் அமெரிக்கா பக்கம் என்று மார்தட்டிக்கொள்ளலாம்தான். ஆனால் 1780இல் அதே ஹைதரின் குதிரைப்படை ஆற்காட்டுச் சீமை முழுக்க வயலையும் வீட்டையும் கொளுத்திக்கொண்டு வந்தது. பின்னாலேயே பஞ்சம். எங்கள் முன்னோர் யாரென்று தெரியாது. ஆனால் அவர்கள் எந்தத் தளபதிக்கும் கொடி பிடித்திருக்க மாட்டார்கள். "நாம ஓடி ஒளிஞ்ச பக்கம்டி" என்றேன். அவளுக்கு அது பிடிக்கவில்லை. வேலி ஃபோர்ஜ்காரியிடம் இதைப் போய் எப்படிச் சொல்வது?

கடைசியில் இரண்டையும் வாங்கினோம். பாடத்துக்குப் புதியது, ஓனாவுக்காக. பழையது அந்த அரை வரிக்காக. பக்க எண் அட்டவணையும் தயார், கலர் கலராக. வருடக் கடைசிக் கோப்பில் வைக்க, கடலூர்ச் சண்டை பற்றி மகள் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாள். கப்பல் எண்ணிக்கை சரி. கடலூரை மட்டும் இலங்கைக்குக் கொஞ்சம் அருகில் வரைந்துவிட்டாள்.

அரை வரிப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அப்பாவுக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். அவர் அதைத் தன் காலை நடைக் குழுவுக்கு அனுப்பிவிட்டார். குழுவில் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர் உண்டு. இதெல்லாம் தமக்கு எப்போதோ தெரியும், ஆனால் புத்தகத்தில் ஊர்ப் பெயர் போடாமல் இந்தியா என்று மொட்டையாகப் போட்டது அயோக்கியத்தனம் என்று தேவனாம்பட்டினம் மணலில் நின்று அரை மணி நேரம் பேசினாராம். சண்டை நடந்தது ஓ.டி. பக்கமா வண்டிப்பாளையம் பக்கமா என்று இரண்டு கட்சியாகிவிட்டார்கள். நேற்று அப்பா கூப்பிட்டு, "அந்தப் பழைய பதிப்பு இன்னொரு காப்பி கிடைக்குமாம்மா? அவருக்கு ஒண்ணு வேணுமாம்" என்றார். அச்சில் இல்லைப்பா, வசந்தத்தில் சர்ச் ஹாலில் பழைய புத்தக விற்பனை போடுவார்கள், பார்க்கிறேன் என்றேன். "மறந்துடாத, முந்திரி அனுப்பி வைக்கிறேன்னு சொல்றார்" என்றார்.