ஒரே பலகையில் காலையும் இரவும்

நான் ஆஃப்செட் அச்சகத்தில் வேலை பார்ப்பவன். நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு நிறங்களும் தாளில் இம்மி பிசகாமல் ஒன்றின்மேல் ஒன்றாக விழ வேண்டும் என்பதுதான் என் பகல்பொழுதின் பெரும் கவலை. மயிரிழை விலகினாலும் ‘ரிஜிஸ்டர் போய்விட்டது’ என்று இயந்திரத்தை நிறுத்திவிடுவோம். அதனால்தான் ஜப்பானிய ஓவியர் ஹிரோஷி யோஷிடாவின் ஓர் அச்சு ஓவியத்துக்கு 96 முறை தாளைப் பலகையில் வைத்து எடுத்திருக்கிறார்கள் என்று படித்தபோது அந்த வரியை விட்டு என்னால் நகர முடியவில்லை. 1937இல் வெளிவந்த அந்த ஓவியம், நிக்கோ நகரத்து யோமெய் வாயிலைக் காட்டுவது. இயந்திரம் ஏதுமின்றி, செதுக்கிய மரப்பலகையும் ஈரத் தாளும் மனிதக் கையும் கொண்டு மட்டுமே அந்த 96 பதிவுகளும் ஒரே தாளில் இறங்கியிருக்கின்றன.

யோஷிடா 1876இல் கியூஷு தீவிலுள்ள குருமே ஊரில் பள்ளி ஆசிரியர் ஒருவருக்கு மகனாகப் பிறந்தார். அவருடைய திறமையைக் கண்ட ஓவிய ஆசிரியர் கசாபுரோ யோஷிடா அவரைத் தத்தெடுத்துக்கொண்டார். யோஷிடா என்னும் குடும்பப் பெயர் அப்படி வந்ததே. கியோட்டோவிலும் பிறகு டோக்கியோவிலும் அவர் கற்றது மேற்கத்திய பாணியிலான எண்ணெய் வண்ணமும் நீர்வண்ணமும்தான். 1899இல், இருபத்துமூன்று வயதில், நண்பர் ஹச்சிரோ நாககாவாவுடன் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். டெட்ராய்ட் அருங்காட்சியகத்தில் அவர்களுடைய நீர்வண்ண ஓவியங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டு நன்றாக விற்றன. 1903இல் தொடங்கிய அடுத்த நீண்ட பயணத்தில் அவருடன் சென்றவர் கசாபுரோவின் மகள் ஃபுஜியோ. அவரும் ஓவியர். நாடு திரும்பிய 1907இல் இருவரும் மணம் செய்துகொண்டார்கள்.

அச்சுக்கலைக்கு அவர் வந்தது வெகு தாமதமாக. பதிப்பாளர் ஷோசாபுரோ வதனாபே 1920இல் அவரை இதற்குள் அழைத்து வந்தார். அக்காலத்து வழக்கப்படி ஓவியர் வரைந்து கொடுப்பார், செதுக்குநர் செதுக்குவார், அச்சிடுநர் அச்சிடுவார், பதிப்பாளர் முதல் போட்டு விற்பார். 1923ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் தேதி நேர்ந்த பெரும் நிலநடுக்கத்தைத் தொடர்ந்து டோக்கியோவில் பரவிய தீயில் வதனாபேயின் கடையும், யோஷிடாவின் பலகைகளும் எரிந்து போயின. தம் சங்கத்தைச் சேர்ந்த ஓவியர்களுக்கு உதவுவதற்காக அவர்களுடைய படைப்புகளை எடுத்துக்கொண்டு அவர் மீண்டும் அமெரிக்கா சென்றபோது, அங்கே எண்ணெய் ஓவியங்களைவிட ஜப்பானிய அச்சுகளுக்கே மதிப்பு இருப்பதையும், தரம் தாழ்ந்த பழைய அச்சுகளைக்கூட மக்கள் ஆசையாக வாங்குவதையும் கண்டார். 1925இல், ஐம்பதை நெருங்கும் வயதில், தம் செலவிலேயே சொந்தப் பட்டறை அமைத்துச் செதுக்குநரையும் அச்சிடுநரையும் தம் மேற்பார்வையில் அமர்த்திக்கொண்டார். அவர்கள் செய்யும் வேலையை அவர்களைவிட ஓவியன் நன்றாக அறிந்திருக்க வேண்டும் என்பது அவர் கொண்ட உறுதி. தாமே உளி பிடித்துச் செதுக்கிய பலகைகளும் உண்டு.

வேலை நடக்கும் விதத்தைச் சற்று அருகிலிருந்து பார்க்க வேண்டும். மெல்லிய தாளில் வரைந்த கோட்டோவியத்தைச் செர்ரி மரப்பலகையில் குப்புற ஒட்டி, கோடுகளை மட்டும் மேட்டில் நிறுத்திவிட்டு மற்ற இடங்களைக் குடைந்தெடுப்பார்கள். அந்த முதற்பலகையிலிருந்து எடுத்த படிகளைக் கொண்டு ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிப் பரப்புகள் செதுக்கப்படும். ஒவ்வொரு பலகையின் கீழ்ப்புறத்திலும், வலது மூலையில் ‘ட’ வடிவத்துக்கு ஒப்பான ஒரு வெட்டும், இடப்பக்கமாகச் சிறிய நேர்க்கோட்டு வெட்டும் இருக்கும். தாளின் மூலையை ஒன்றிலும் விளிம்பை மற்றொன்றிலும் பொருத்தி இறக்கினால் நிறம் தன் இடத்தில் போய் உட்காரும். இதற்குக் ‘கென்டோ’ என்று பெயர். எங்கள் பிளேட்டுகளின் ஓரத்தில் இருக்கும் கூட்டல் குறிகளின் மூதாதை என்றே நான் இதை எண்ணுகிறேன். தூரிகையால் பலகையில் நிறமும் சிறிது அரிசிப் பசையும் தடவி, ஈரமான தாளை வைத்து, ‘பாரென்’ என்னும் மூங்கில் மடல் போர்த்திய வட்டத் தேய்ப்பானால் பின்புறமிருந்து அழுத்தித் தேய்ப்பார்கள். ஈரத் தாள் விரியும், காய்ந்தால் சுருங்கும். தாள் பெரிதாக ஆக இந்தத் தொல்லையும் பெருகும். அப்படியிருந்தும் 1928இல் ‘காட்டாறு’ என்னும் ஓவியத்தை ஏறத்தாழ 54க்கு 82 சென்டிமீட்டர் அளவில் அவர் அச்சிட்டார். பாறைகளுக்கிடையே சுழித்து ஓடும் நீரைத் தவிர அதில் வேறெதுவும் இல்லை என்றே சொல்லலாம்.

என்னை முழுவதுமாக ஆட்கொண்டது 1926ஆம் ஆண்டின் ‘பாய்மரப் படகுகள்’ வரிசை. செட்டோ உள்கடலில் மிதக்கும் படகுகள் அவை. காலை, முற்பகல், பிற்பகல், மூடுபனி, மாலை, இரவு என ஆறு பொழுதுகள். ஆனால் ஒரே பலகைகளின் தொகுதிதான் ஆறுக்கும் அடிப்படை. காலைப் படத்தில் தங்க ஒளி பாய்மரங்களுக்குப் பின்னாலிருந்து நீரில் வழிகிறது. மூடுபனியில் தொலைவுப் படகுகள் கிட்டத்தட்டக் கரைந்துவிடுகின்றன. இரவில் அதே பாய்மரங்கள் நீல இருளின் உருவங்களாக நிற்கின்றன. ஆறையும் அடுத்தடுத்து வைத்து, முன் படகின் கயிறு ஒன்றை மட்டும் பார்த்துக்கொண்டே வந்தேன். கோடு அசையவில்லை, பொழுது மட்டும் நகர்ந்துகொண்டே இருந்தது. ஒரே பிளேட்டிலிருந்து வரும் ஆயிரம் தாள்களும் ஒன்றுபோல இருப்பதையே வெற்றி என்று பழகியவன் நான். அதே பலகையிலிருந்து ஆறு வேறு வானங்களை எடுத்த மனிதரின் முன் எனக்குப் பேச்சு எழவில்லை.

மலைகள்மீது அவருக்கிருந்த காதலைச் சொல்லாமல் விட முடியாது. கோடைதோறும் ஜப்பானிய ஆல்ப்ஸ் மலைகளில் ஏறித் தங்கி, ஒளி மாறும் கணத்துக்காகக் காத்திருந்து வரைவார். இரண்டாவது மகனுக்கு ஹொடகா என்னும் சிகரத்தின் பெயரையே சூட்டினார். காஞ்சன்ஜங்காவைக் காணும் ஆவலும் சேர்ந்தே 1930இன் இறுதியில் மூத்த மகன் தோஷியுடன் அவரை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. அந்தப் பயணத்திலிருந்து பிறந்த அச்சுகளில் டார்ஜிலிங்கிலிருந்து தெரியும் பனிச்சிகரம், காசியின் படித்துறைகள், உதய்ப்பூர் அரண்மனைகள், அஜந்தா, எல்லோரா, மூடுபனியிலும் இரவிலும் தாஜ்மகால் எல்லாம் உண்டு. மதுரைப் பெருங்கோயிலும் உண்டு. மதுரை என்ற பெயரை அந்தப் பட்டியலில் கண்டபோது, நம் வீட்டுக்கு வந்து போன ஒருவரைப் பற்றி இத்தனை காலம் அறியாமல் இருந்துவிட்டோமே என்ற வருத்தம்தான் எனக்கு முதலில் எழுந்தது.

1939இல் தம் தொழில்நுட்பத்தை எல்லாம் ஒளிக்காமல் விளக்கி ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். போருக்குப் பின் 1946இல் அச்சிட்ட பண்ணை வீட்டின் உட்புறக் காட்சியோடு அவருடைய அச்சுப்பணி நின்றது. 1950 ஏப்ரலில் டோக்கியோவில் காலமானார். தோஷியும் ஹொடகாவும் அச்சுக் கலைஞர்களாகவே வாழ்ந்தார்கள். ஃபுஜியோவும் முதுமையில் பூக்களை அச்சோவியங்களாக்கினார்.

தம் மேற்பார்வையில் உருவாகித் தமக்கு நிறைவு தந்த அச்சுகளின் ஓரத்தில் ‘ஜிசூரி’, அதாவது ‘தானே அச்சிட்டது’, என்ற முத்திரையை அவர் இடுவது வழக்கம். அவர் இறந்த பிறகு அதே பலகைகளிலிருந்து எடுக்கப்பட்ட படிகளில் அந்த முத்திரை இருப்பதில்லை. அவருடைய ஓவியம் ஒன்று கண்ணில் பட்டால் இப்போதெல்லாம் படகையோ மலையையோ பார்ப்பதற்கு முன், இடது ஓரத்தின் வெற்றிடத்தில் அந்த இரண்டு எழுத்துகள் இருக்கின்றனவா என்றுதான் முதலில் தேடுகிறேன்.