சல்லடமும் சிவப்பு ஜட்டியும்

2014 ஜனவரி, பொங்கல் முடிந்த வாரம். ஒரு பெரியவர் சைக்கிளுக்கு ஸ்டாண்டு கூடப் போடாமல் கடைச் சுவரில் சாய்த்துவிட்டு விறுவிறுவென்று படியேறி வந்தார். கையில் எங்கள் கடைப் பை. "என்ன வே, பிள்ளைக்கு டிரஸ்ஸ அரகொறையா குடுத்து விட்டிருக்கீரு? ஜட்டி எங்க வே?" என்றார். பரதநாட்டிய செட்டுக்கு அளவு கொடுக்க வந்திருந்த பெண்பிள்ளைகள் நாலைந்து பேர் சிரிப்பை அடக்க முடியாமல் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்கள்.

பையில் இருந்தது சூப்பர்மேன். நீல முழு உடுப்பு, நெஞ்சில் எழுத்து, முதுகில் சிவப்புத் துணி. ஜட்டியை நான் மறக்கவில்லை, வேண்டுமென்றேதான் வைக்கவில்லை. காமிக்ஸில் 2011லேயே அதைக் கழற்றிவிட்டார்கள். 2013 ஜூனில் வந்த படத்திலும் சூப்பர்மேனுக்கு வெளி ஜட்டி கிடையாது. படத்தைப் பார்த்துவிட்டு வந்து, அதே மாதிரி ஒரு செட் தைக்கச் சொன்னவன் நான்தான். திருநெல்வேலியில் வேறு எந்த வாடகைக் கடையிலும் இந்த சூப்பர்மேன் இல்லை என்று எனக்குள் ஒரு பெருமை வேறு.

"தாத்தா, இப்ப வார சூப்பர்மேன் ஜட்டி போடுறதில்ல."

"அவன் போடுதான், போடாமப் போறான். எம் பேரன் காலையிலேர்ந்து அழுதுக்கிட்டுக் கெடக்கான். சாயங்காலம் ஆண்டுவிழா. ஜட்டி இல்லாம மேடையேற மாட்டேங்கான். நான் என்ன செய்ய?"

மிஷினில் இருந்த மாஸ்டர் ஒன்றும் பேசவில்லை. மிச்சக் கூடையில் கையை விட்டுச் சிவப்பு சாட்டின் ஒரு துண்டை உருவினார். கால் மணி நேரத்தில் எலாஸ்டிக் கோத்து ஜட்டி ரெடி. பெரியவர் அதை விரித்துப் பார்த்து, இழுத்துப் பார்த்து, திருப்தியாகப் பையில் வைத்துக்கொண்டு இறங்கினார். அவர் தலை மறைந்ததும் மாஸ்டர் என்னைப் பார்த்துச் சொன்னது: "சாமி எந்திரிக்கிற எடத்துலல்லா கைய வச்சிட்ட."

இந்தக் கடைக்கு நான் வந்தது 1998ல். நெல்லையப்பர் கோயில் ரத வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்து. நாடக டிரஸ், டான்ஸ் டிரஸ், மாறுவேடப் போட்டி டிரஸ் வாடகைக்கு விடுகிற இடம். கல்லாவில் அண்ணாச்சி, மிஷினில் மாஸ்டர், எடுபிடியாக நான். ஆவணியில் கண்ணனும் ராதையும். புரட்டாசியில் குலசை தசராவுக்கு ராஜா, குறவன், போலீஸ், காளி என்று வரிசைகட்டி வேடம் கேட்பார்கள். கடைக்குச் சோறு போடுவது அந்த மாதம்தான். நவம்பரில் நேரு மாமா, அதிலிருந்து பிப்ரவரி வரைக்கும் பள்ளிக்கூட ஆண்டுவிழாக்கள். சித்திரை, வைகாசியில் ஊர்ச் சாமிகளுக்குக் கொடை, அதாவது திருவிழா, வரும். கொடைக்கு வாடகைப் பேச்சே இல்லை, புதுசாகத் தைத்துக் கொடுப்பது மட்டும்தான். காவல் தெய்வம் சுடலைமாடனுக்கு ஆடுகிறவருக்குச் சல்லடம் என்கிற அரைக்கால் உடுப்பு, கச்சை, குல்லாய். சல்லட ஓரத்தில் மணி வைத்துத் தைப்பது மாஸ்டர் கைவேலை. வேறு யாரையும் தொடவிட மாட்டார்.

மாஸ்டர் இளவட்டத்தில் ஒரு வில்லுப்பாட்டுக் குழுவில் குடம் அடித்தவர். அவர் சொன்ன கணக்கு இதுதான். அண்ணாவி, அதாவது பாட்டை நடத்துகிறவர், கதையை நீட்டலாம், சுருக்கலாம். கூட்டம் தூங்கி வழிந்தால் நடுவில் கோமாளிப் பேச்சைச் செருகலாம். ஆனால் சாமியாடிக்கு அருள் வருகிற இடம் என்று கதைக்குள் ஒன்று இருக்கும். பாட்டு அங்கே வந்ததும் குடமும் உடுக்கும் உச்சத்துக்கு ஏறும். அதுவரை மூலையில் துண்டை விரித்துச் சும்மா உட்கார்ந்திருந்த மனிதர் எழுந்துவிடுவார். அந்த இடத்தை மட்டும் எவனும் மாற்றக்கூடாது. மாற்றினால் ஆள் உட்கார்ந்தபடியே இருப்பார், கொடை கெட்டுப்போகும்.

இதைக் கேட்டபிறகு என் வேலை கொஞ்சம் மாறியது. டிரஸ்ஸை மாட்டிவிட்டுக் கண்ணாடி முன்னால் நிறுத்தியதும் பிள்ளை எந்த நொடியில் நிமிர்கிறது என்று பார்க்க ஆரம்பித்தேன். ஸ்பைடர்மேனுக்கு முகமூடிக் கண். கண் வெள்ளையாக, பெரிதாக இருந்தால் போதும், காலில் வலைக்கோடு அழிந்திருந்தாலும் கேட்பதில்லை. பேட்மேனுக்கு இரண்டு காது. காது தொங்கினால் பையன் தோளும் தொங்கிவிடும். கட்டபொம்மனுக்கு மீசை, அதுவும் சிவாஜி மீசை. பாரதிக்குப் போட்டோ இருக்கிறது. கட்டபொம்மனுக்கு 1959ல் வந்த சினிமாதான் போட்டோ. 1799 அக்டோபர் 16ஆம் தேதி கயத்தாற்றில் தூக்கில் போடப்பட்ட மனிதர் எப்படி இருந்தார் என்று இத்தனை வருஷத்தில் ஒரு வாத்தியார்கூட எங்களிடம் கேட்டதில்லை. கயத்தாற்றில் அவருக்குச் சிலை வைத்ததும் சிவாஜிதானே.

பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றிலிருந்து இரண்டு பையன்கள் அப்போது வருவார்கள். கல்ச்சுரல்ஸுக்கு டிரஸ் எடுக்க வந்து பழக்கமானவர்கள், அப்புறம் சும்மாவே வர ஆரம்பித்தார்கள். ஒருத்தன் பேட்மேன் கட்சி, இன்னொருத்தன் மார்வெல் கட்சி. ராத்திரி ஷட்டரைப் பாதி இறக்கின பிறகும் சண்டை ஓயாது. என் சூப்பர்ஹீரோப் படிப்பெல்லாம் அவர்களிடம்தான்.

வுல்வரின் கதையை அவன்கள் சொல்லித்தான் தெரியும். காமிக்ஸில் அந்த ஆள் அஞ்சடி மூணு அங்குலம்தான். நடித்த ஹியூ ஜேக்மேனோ ஆறடிக்கு மேல். 2000ல் முதல் படம் வந்தபோது மஞ்சள் உடுப்பைக் கிண்டல் செய்து ஒரு வசனமும் வைத்து, கறுப்புத் தோலை மாட்டிவிட்டார்கள். உயரத்தைச் சனங்கள் சீக்கிரமே விட்டுவிட்டார்கள், மஞ்சளை விடவில்லை. அதே மனிதர் மஞ்சள் போட்டுக்கொண்டு திரையில் வர 2024 ஆகிவிட்டது. உடுப்புக்கு ஒரு அடி கூடினால் பரவாயில்லை, நிறம் மாறினால் ஆகாது. இது தையற்காரனுக்கு முதல் நாளே தெரியும்.

1989 பேட்மேன் படத்துக்கு மைக்கேல் கீட்டன் என்று அறிவித்தபோது கம்பெனிக்கு ஐம்பதாயிரம் எதிர்ப்புக் கடிதம் போனதாகச் சொல்வார்கள். அவர் அதுவரை சிரிப்புப் படங்களுக்குப் பேர்போனவர். அண்ணாச்சி இதைக் கேட்டுவிட்டு, "அம்பதாயிரம் லெட்டரா? ஸ்டாம்பு வாங்கின துட்டுல இன்னொரு படம் எடுத்திருக்கலாமே" என்றார். ஹீத் லெட்ஜரை ஜோக்கராகப் போட்டபோதும் இதே கூப்பாடுதான். 2008ல் படம் வருவதற்குள் அவர் இறந்துபோனார். அடுத்த வருஷம் அவர் பெயருக்கு ஆஸ்கார் கொடுத்தார்கள், கூப்பாடு போட்டவர்களே அதற்கும் கைதட்டினார்கள். ஆனால் ஒரு சண்டை மிச்சமிருந்தது. காமிக்ஸ் ஜோக்கர் ரசாயனத்தில் விழுந்து தோலே வெளுத்தவர், இவர் வெறும் வெள்ளை பூசியவர், எது சரி என்று. இந்தச் சண்டை எங்கள் மேக்கப் அண்ணன் வரைக்கும் வந்தது. அரிதாரம் கலையாமல் நிற்கவேண்டும் என்று ஆயுசெல்லாம் பாடுபட்டவர் அவர். அவரிடம் போய் ஒரு பையன், "அண்ணே, நல்லா பூசிட்டு அப்படியே கையால தேச்சு விட்ருங்க" என்றான். அண்ணன் பிரஷைக் கழுவி வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். கடைசியில் தேய்த்துவிட்டவன் நான்.

அந்த ஜட்டியில்லாத சூப்பர்மேன் படத்தில் இன்னொரு பெரிய வழக்கு உண்டு. கடைசியில் சூப்பர்மேன் எதிரியின் கழுத்தைத் திருகிக் கொன்றுவிடுகிறார். சூப்பர்மேன் கொல்லலாமா என்று உலகம் முழுக்க ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்துவிட்டார்கள். எங்கள் கடையிலும் பிரிந்தார்கள். மாஸ்டர் மிஷினை நிறுத்திவிட்டுக் கதையை முழுசாகக் கேட்டார்.

"இப்ப என்ன சொல்லுதிய, ஊரக் காக்க வந்தவன் கெட்டவனக் கொன்னுட்டான். அதானே?"

"ஆமா தாத்தா. ஆனா அவரு கொல்ல மாட்டாரு."

"கொல்லாம எப்படிலே காவல் காப்பாரு? எங்க சொடல கிட்ட போயி இதச் சொல்லிப் பாரு."

பையன்களிடம் பதில் இல்லை. எனக்கு அன்றைக்கு மாஸ்டர் கட்சிதான். எல்லையில் வல்லய ஈட்டியோடு நிற்கிற தெய்வங்களைப் பார்த்து வளர்ந்த ஊரில், கொல்லாத காவல்காரன் என்பது புது வழக்கு. ஆனால் பேட்மேன் கட்சிப் பையன் மறுநாள் இன்னொன்றைத் தேடிக்கொண்டு வந்தான். 1939ல் வந்த ஆரம்பக் கதைகளில் பேட்மேனே துப்பாக்கி தூக்கியவர்தானாம், ஆட்களைக் கொன்றும் இருக்கிறாராம். கொல்ல மாட்டேன் என்பது பிற்பாடு வந்த விரதம். அதேபோல சூப்பர்மேனும் 1938ல் பிறந்தபோது பறக்கவில்லை, தாவத்தான் செய்தார். இதையெல்லாம் சொல்லும்போது அவன் முகம் ஏதோ தன் வீட்டுப் பத்திரத்தில் பிழை கண்டுபிடித்தவன் மாதிரி இருந்தது.

மாஸ்டர் அவனுக்கு வில்லில் பாடுகிற முத்துப்பட்டன் கதையைச் சொன்னார். பிராமணப் பிள்ளையான பட்டன், செருப்புத் தைக்கிற குலத்து வாலப்பகடையின் மக்கள் பொம்மக்கா, திம்மக்கா இருவர்மேலும் ஆசைப்பட்டு, பூணூலை அறுத்துப்போட்டுவிட்டுச் செருப்புத் தைத்தவன். மாமனார் கிடை மாடுகளைக் காக்கப் போய் உயிரைவிட்டவன். அந்தப் பெண்களும் பிராமணக் குடியில் பிறந்து காட்டில் கிடைத்த பிள்ளைகள்தான் என்று மாற்றிப் பாடுகிற பாடமும் இருக்கிறது. நாங்குநேரிக்காரர் நா. வானமாமலை இந்தக் கதையைப் பதிப்பித்தபோது இந்த மாற்றத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். ஏன் மாற்றினார்கள் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம், மாற்றிப் பாடச் சொன்னது யாராக இருக்கும் என்று யோசித்தாலே போதும். "கதைய மாத்திப் பாடுத ஊருல நாங்க காசு வாங்கிட்டு மாத்தித்தான் பாடியிருக்கோம்" என்று மாஸ்டர் கூசாமல் ஒத்துக்கொண்டார். "ஆனா காரையாறு சொரிமுத்தையன் கோயில்ல பட்டவராயனா நிக்கிற பட்டனுக்கு இன்னைக்கும் செருப்புதாம்ல காணிக்க. அத எவனாலயும் மாத்த முடியல."

அந்தச் செருப்பைத்தான் நான் அப்புறம் எல்லா வாடிக்கையாளரிடமும் தேட ஆரம்பித்தேன். சிலரிடம் கண்டுபிடிக்கவே முடியாது. ஒரு டீச்சரம்மா போனில், "மாயாவி டிரஸ் இருக்கா?" என்று கேட்டார். நான் ராணி காமிக்ஸ் வாசகன், எனக்கு மாயாவி என்றால் முகமூடி போட்டுக் குதிரையில் வருபவர். எடுத்து வைத்தேன். வந்து பார்த்துவிட்டு, "இது இல்லீங்க, இரும்புக்கை" என்றார். 1972ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் கொண்டுவந்த மாயாவி. கரண்டைத் தொட்டால் உடம்பு மறைந்து, இரும்புக் கை மட்டும் தெரியும். மாஸ்டர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு சொன்னார்: "அப்பம் ஒரு கைய மட்டும் தச்சாப் போதும். வாடகையும் கால்வாசிதான்."

2019 ஏப்ரலில் அவெஞ்சர்ஸ் கடைசிப் படம் வந்தது. அதில் தோர் தொப்பையும் தாடியுமாக வந்ததை நம் இரண்டு பையன்களுமே வெறுத்தார்கள். கேலிப்பொருள் ஆக்கிவிட்டார்கள் என்று கோபம். அந்த வருஷ ஆண்டுவிழாவுக்கு ஒரு பையன் வந்தான், ஆறாம் வகுப்பு, நல்ல உடம்பு. அதற்கு முந்தின வருஷம் ஸ்பைடர்மேன் டிரஸ்ஸில் ஜிப் ஏறாமல், அழாமல், ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போனவன். இந்த முறை நேராகக் கல்லாவுக்கு வந்து, "வயிறு இருக்க தோர் வேணும்" என்றான். நாங்கள் தோருக்கு வைத்திருந்தது ஸ்பாஞ்சு வைத்த நெஞ்சு. மாஸ்டர் ஸ்பாஞ்சைப் பிரித்து எடுத்தார். பையன் தன் வயிற்றோடு கண்ணாடி முன்னால் போய் நின்றான், சுத்தியலைத் தோளில் போட்டான். அவன் நிமிர்ந்ததைப் பார்த்தபிறகு அந்தத் தொப்பையைப் பற்றி எவன் என்ன சொன்னாலும் என்னிடம் எடுபடுவதில்லை. கல்லூரிப் பையன்களிடம் இதைச் சொன்னேன். ஒருத்தன் ஒத்துக்கொண்டான், மற்றவன் இன்றைக்கு வரைக்கும் ஒத்துக்கொள்ளவில்லை.

பெரிய நியாயஸ்தன் மாதிரி பேசுகிறேன், என் கதை வேறு. அதே படத்தில் தமிழ் அயர்ன்மேனுக்கு விஜய் சேதுபதி குரல் கொடுத்தார். நல்ல நடிகர், நல்ல குரல். ஆனால் என் காதுக்கு அயர்ன்மேனின் தமிழ் என்று முன்பே ஒன்று பழகியிருந்தது. படம் பார்த்துக்கொண்டிருக்கும்போது முகமூடி திறக்கிற ஒவ்வொரு தடவையும் நான் வேறு யாரையோ எதிர்பார்த்து ஏமாந்தேன். பக்கத்து சீட்டில் இருந்த என் மகள் விசில் அடித்துக்கொண்டிருக்கிறாள், நான் கம்மென்று உட்கார்ந்திருக்கிறேன். ஆங்கிலத்தில் ராபர்ட் டௌனி பேசுவதுதான் அசல், அதற்கு முந்தின தமிழ்க் குரலும் ஒட்டுத்தான், எல்லாம் தெரியும். தெரிந்து என்ன செய்ய.

மாஸ்டருக்குக் கண் ஆபரேஷன் ஆனதிலிருந்து கல்லிடைக்குறிச்சியில் மகள் வீட்டில் இருக்கிறார். சல்லடம் மட்டும் துணியை அங்கே கொடுத்துவிட்டால் மணி கோத்துத் தருகிறார். மற்றதெல்லாம் இப்போது வடக்கேயிருந்து ரெடிமேடாக வருகிறது, நான் அளவுக்குப் பிடித்துக் கொடுப்பதோடு சரி.

2025 ஜூலையில் புது சூப்பர்மேன் வந்தது. ஜட்டியோடு வந்தார். டைரக்டர் ஜேம்ஸ் கன்னுக்கு முதலில் தயக்கம் இருந்ததாம். நடித்த டேவிட் காரன்ஸ்வெட்தான், கண்ணிலிருந்து நெருப்பு விடுகிற ஆளைப் பார்த்துப் பிள்ளைகள் பயப்படக்கூடாது, அதற்குத்தான் அவர் இப்படி உடுத்துகிறார் என்று பேசி வாங்கியிருக்கிறார். இதைப் படித்ததும் நான் ஏணியைப் போட்டுப் பரண்மேல் ஏறினேன். அட்டைப்பெட்டியில் பழைய சிவப்பு ஜட்டிகள் பதினொன்று இருந்தன. சாட்டின் அப்படியே இருக்கிறது, எலாஸ்டிக் எல்லாம் செத்துப்போயிருந்தது. ஒவ்வொன்றாகப் பிரித்துப் புதுசு கோத்தேன்.

ஆகஸ்டில் சுதந்திர தின விழாவுக்கு பாரத மாதா டிரஸ் கேட்டு ஒரு அம்மா வந்தார். கூட அவர் சின்ன மகன், நாலு வயது இருக்கும். வாசலில் தசராவுக்காகத் தொங்கவிட்டிருந்த காளி முடியையும் நாக்கையும் பார்த்ததும் உள்ளே வர மாட்டேன் என்று படியிலேயே நின்று அலறினான். மிட்டாய் கொடுத்துப் பார்த்தோம், கேட்கவில்லை. நான் மேஜைமேல் கிடந்த ஜட்டி ஒன்றை எடுத்து என் பேன்ட்டுக்கு மேலேயே மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போனேன். தொடைக்கு மேல் ஏறவில்லை. அழுகையை நிறுத்திவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தான். பிறகு காளியைச் சுற்றிக்கொண்டு, சுவரோரமாகவே நடந்து, கடைக்குள் வந்தான்.

"இவனுக்கும் ஒண்ணு போட்ருங்க அண்ணாச்சி" என்றார் அந்த அம்மா. "டெபாசிட் எவ்வளவு?"