வலிக்காத கட்டிதான் வம்பு

கடலூரில் சர்ஜரி ஓபியில் உட்கார்ந்தால் நாள் தவறாமல் கட்டிதான். முதுகில், கழுத்தில், தோளில், தலையில். கேள்வியும் ஒன்றேதான், "கேன்சரா சார்?" நான் பார்த்தவரை, இப்படிப் பதறிக்கொண்டு வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. பயப்பட வேண்டிய ஆள் வேறு எதற்கோ வந்து உட்கார்ந்திருப்பார்.

பயந்து வருவது அதிகமும் கொழுப்புக் கட்டிக்குத்தான். தொட்டால் மெத்தென்று இருக்கும், ஓரத்தை விரலால் அழுத்தினால் பிடிபடாமல் நழுவும், மேல்தோலைத் தனியாகக் கிள்ளித் தூக்கலாம். வருஷக்கணக்கில் அப்படியே கிடக்கும். ஆனால் ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் போனாலோ, ஆழத்தில் அசையாமல் இருந்தாலோ, திடீரென்று வளர்ந்தாலோ ஸ்கேன் எடுக்காமல் நான் கத்தி வைப்பதில்லை.

தோலைக் கிள்ள வரவில்லை, நடுவில் கறுப்பாக ஒரு புள்ளி தெரிகிறது என்றால் அது வேறு ரகம், உள்ளே பை இருக்கிற கட்டி. இதை வீட்டில் யாராவது பிதுக்கியிருப்பார்கள், வெள்ளையாக, நாற்றத்தோடு கொஞ்சம் வந்திருக்கும், அமுங்கியும் போயிருக்கும். பை உள்ளேயே இருப்பதால் மறுபடி நிரம்பிவிடும். சீழ் பிடித்து, சுண்ணாம்பும் மஞ்சளும் அப்பிக்கொண்டு வந்தால், முதலில் கீறிச் சீழை எடுத்துவிட்டு, ஆறிய பிறகுதான் பையை எடுக்க முடியும்.

உடம்பெல்லாம் சின்னச் சின்ன மெத்துக் கட்டியும் காப்பி நிறத் திட்டுமாக வருகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்கு வருத்தமாக இருக்கும். அது நரம்பு உறையில் வருவது, மரபணுக் கோளாறு. ஒட்டுவாரொட்டி இல்லவே இல்லை. ஆனாலும் பஸ்ஸில் பக்கத்து சீட் காலியாகத்தான் இருக்கும்.

சரி, அந்த வேறு எதற்கோ வந்த ஆள். தேவனாம்பட்டினம் பக்கம், மீன்பிடித் தொழில், குடலிறக்கத்துக்காக வந்தவர். படுக்க வைத்துப் பார்க்கும்போது குதிகாலில் ஒரு கறுப்புத் திட்டு, ஓரம் கோணல்மாணலாக, ஒரு பக்கம் கரிக்கறுப்பு, ஒரு பக்கம் பழுப்பு. கேட்டால், "அது கால் ஆணி சார், அப்பப்ப பிளேடால சீவிப்பேன். வலியே இல்ல" என்றார். கால் ஆணி என்றால் அழுத்தினால் வலிக்கும், தோல் தடித்து மஞ்சளாக இருக்கும், இப்படி நிறம் பரவாது. காலில் இருப்பது பரவியிருக்கிறதா என்று உடனே கவட்டையில் கை வைத்தேன், நெறி கட்டியிருந்தது. மெலனோமா என்கிற தோல் புற்றுநோயோ என்று பட்டது. நம் நிறத்துக்காரர்களுக்கு அது அபூர்வம்தான், வந்தால் பெரும்பாலும் உள்ளங்காலிலோ, உள்ளங்கையிலோ, நகத்துக்கு அடியிலோ வரும். அதாவது யாரும் உற்றுப் பார்க்காத இடத்தில். புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தேன், பயாப்சியிலும் அதுதான் வந்தது. பழைய தீக்காயத் தழும்பில் ஆறாமல் கிடக்கும் புண்ணிலும் வேறு வகைத் தோல் புற்றுநோய் இருக்கலாம், அதையும் வலிக்கவில்லை என்று துணி சுற்றி மறைத்துக்கொண்டு வருவார்கள்.

இதனால்தான் எந்தக் கட்டியை எடுத்தாலும் கெடாமல் இருக்க ஃபார்மலின் என்கிற திரவத்தில் போட்டு டெஸ்டுக்கு அனுப்பச் சொல்கிறேன். "எடுத்தாச்சே டாக்டர், அப்புறம் எதுக்கு அதுக்கு ஒரு செலவு?" என்று கூட வந்தவர்கள் கேட்பார்கள். பாட்டிலைக் கையில் கொடுத்து, ரிப்போர்ட்டோடு வந்தால்தான் தையல் பிரிப்பேன் என்று சொல்லிவிடுகிறேன். அப்படிச் சொன்னால்தான் போகிறார்கள்.