முதல் சாய்ஸ் ட்ரிபிள் ஈ

போன வருஷம் அக்கா மகளை இன்ஜினியரிங் கவுன்சிலிங்கில் சேர்க்க அலைந்த கதை இது. வியாசர்பாடியில் வீடு, ஆறாவதிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி, மாமா ஆட்டோ ஓட்டுகிறார், வீட்டில் காலேஜ் வாசலை மிதித்தவர் யாரும் கிடையாது. நானே பன்னிரண்டோடு நின்று ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்தவள்தான்.

முதல் சிக்கல் வீட்டுக்குள்ளேயே. பக்கத்துக் காலேஜில் பி.காம். சேர்த்தால் போதும் என்றார் மாமா. இவளோ ட்ரிபிள் ஈ, அதாவது எலக்ட்ரிகல் அண்ட் எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியரிங், தவிர வேறு பேச்சே எடுக்கவில்லை. "கரண்ட் கம்பத்துல ஏறப் போறியா?" என்று பாட்டி வேறு. ஒருநாள் மிக்ஸி ஓடாமல் போனபோது மாமாவின் ஆட்டோ ஸ்க்ரூடிரைவரை எடுத்துப் பிரித்து, தேய்ந்து சிறுத்திருந்த கார்பன் பிரஷ்ஷை உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். புதுசு வாங்கிப் போட்டதும் ஓடியது. மாமா வாயே திறக்கவில்லை, ஆனால் ஆட்டோ ஸ்டாண்ட் முழுக்கச் சொல்லியிருக்கிறார்.

நானும் என் பங்குக்கு, கிண்டி இன்ஜினியரிங் காலேஜில் 1943-லேயே எலக்ட்ரிகல் முடித்த லலிதா அம்மாவைப் பற்றிச் சொன்னேன். பதினெட்டு வயதில் கணவரை இழந்து, கைக்குழந்தையோடு நின்றவர். "அவங்க அப்பா அந்தக் காலேஜ்லயே புரொபசராமே, நான் ஆட்டோக்காரன்" என்றார் மாமா. பதில் சொல்ல முடியவில்லை. கடைசியில் அவரை அசைத்தது கணக்குதான். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத இட ஒதுக்கீட்டில் சீட் கிடைத்தால் படிப்புச் செலவை அரசே ஏற்கும், புதுமைப் பெண் திட்டத்தில் மாசம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கே வரும் என்றதும், "சரி, அப்ளை பண்ணு" என்றார்.

அப்புறம்தான் பேப்பர் வேலை. ஆறாவதும் ஏழாவதும் இவள் ராயபுரத்தில் பாட்டி வீட்டில் இருந்து படித்தாள், அதனால் அங்கே படித்தாள் என்பதற்கு அந்தப் பள்ளியிலும் போனஃபைட் சான்றிதழ் வாங்க வேண்டியிருந்தது. முதல் தடவை ஹெச்.எம். லீவு. இரண்டாவது தடவை எழுதிக் கொடுத்தார்கள், வீட்டுக்கு வந்து பார்த்தால் இனிஷியல் தப்பு. மூன்றாவது தடவை அங்கேயே நின்று ஒவ்வொரு எழுத்தாகப் படித்துவிட்டுத்தான் கிளம்பினேன். 7.5-ல் கிடைக்காமல் பொதுவில் கிடைத்தால் உதவட்டும் என்று முதல் பட்டதாரி சான்றிதழுக்கும் இ-சேவையில் போட்டு வைத்தோம். இதையெல்லாம் ரிசல்ட் வரும்வரை தள்ளிப்போடாமல் பரீட்சை முடிந்த கையோடு தொடங்கிவிடுங்கள்.

கணக்கு மார்க் முழுசாக, பிசிக்ஸும் கெமிஸ்ட்ரியும் பாதிப் பாதி, மொத்தம் 200-க்கு கட்ஆஃப். இவளுக்கு 151. சாய்ஸ் போடும் ராத்திரி வீடே போனைச் சுற்றி உட்கார்ந்தது. "கிடைக்காததை ஏன் மேலே போடுற, கிடைக்கிறதை முதல்ல போடு" என்றார் மாமா. பலபேர் சறுக்குவது இங்கேதான். கம்ப்யூட்டர் உங்கள் பட்டியலை மேலிருந்து பார்த்து, உங்கள் ரேங்குக்கு எது முதலில் காலியாக இருக்கிறதோ அதைத்தான் தரும், மேலே ஆசைப்பட்டதற்காகக் கீழே இருப்பது கைவிட்டுப் போகாது. இதை அவருக்குப் புரியவைக்க, கல்யாணப் பந்தியில் முதலில் வடை கேட்டு இல்லையென்றாலும் அப்பளம் வராமல் போகுமா என்று, அவர் தேடுகிற வடையை இழுக்க வேண்டியதாயிற்று. நாற்பத்திரண்டு சாய்ஸ் போட்டோம், மேலே எல்லாம் ட்ரிபிள் ஈ, மாமாவின் மனசுக்காகக் கடைசியில் வீட்டுப் பக்கம் இரண்டு காலேஜில் கம்ப்யூட்டர் சயின்ஸ்.

ஒன்பதாவது சாய்ஸ் கிடைத்தது, 7.5-லேயே. ட்ரிபிள் ஈ-தான். கிடைத்ததே போதும் என்று உறுதி செய்துவிட்டோம், மேலே ஏதாவது காலியாகுமா என்று காத்திருக்க எங்களுக்கு நெஞ்சுரம் இல்லை.

இப்போது இரண்டாவது செமஸ்டர். முதல் செமஸ்டர் மேத்ஸில் ஒரு அரியர் விழுந்திருக்கிறது. மாமாவுக்கு இன்னும் தெரியாது, ஸ்டாண்ட் பக்கம் போனால் நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.