பாதிக் குளிசை

மார்ச் 9
வெள்ளவத்தையே வேர்த்து ஒழுகுது. நான் சுவெட்டரோட இருக்கிறன். இவர் ஃபானைப் போட, நான் நிப்பாட்ட, கடைசியில தலகாணியோட ஹோலுக்குப் போயிட்டார்.

மார்ச் 10
நாடித்துடிப்பு 49.

மார்ச் 12
ரிப்போர்ட் வந்திட்டுது. தைரொயிட் சுரப்பி மந்தமானா ஏறுற டிஎஸ்எச் 34. நாலுக்கு மேல போகக்கூடாதாம். "நெஞ்சுக் குளிசையின்ர வேலைதான் அம்மா" எண்டார் டொக்டர். அயடின் கூடினாலும் தைரொயிட் மந்தமாகுமாம். அந்தக் குளிசை, அமியோடரோன் 200 மில்லிகிராம், ஒண்டுக்குள்ள 75 மில்லிகிராம் அயடின். ஒரு ஆளுக்கு நாளுக்குத் தேவை 150 மைக்ரோகிராம். வீட்டை வந்து கல்குலேட்டர்ல போட்டுப் பார்த்தன்: 500 நாளுக்குரியது! முழுக்கக் கழண்டு வராதாம், எண்டாலும். நான் இவ்வளவு நாளும் உப்பில பிழை பிடிச்சுக்கொண்டிருந்தன். அதை நிப்பாட்டுங்கோவன் எண்டு கேட்டன். நிப்பாட்டினாலும் மாசக்கணக்கா உடம்பை விட்டுப் போகாதாம். நெஞ்சு திரும்பத் தாளம் தப்பினா அது வேற வில்லங்கம். ஆகவே அதுவும் இருக்கட்டும், தைரொயிட் குளிசையும் சேரட்டும். வாடகைக்கு வந்தவன் வீட்டுக்காரனாயிட்டான்.

மார்ச் 13
தைரொயிட்டுக்குத் தந்த தைரொக்சின் 50 மைக்ரோகிராம் குளிசையைப் பாதியா உடைக்கவேணும். நெஞ்சு வருத்தக்காரருக்கு மெல்ல மெல்லத்தான் ஏத்துவினமாம். ஆகச் சின்னன். கத்தியை வைச்சா ஒரு பாதி தெறிச்சு அடுப்புக்குக் கீழ போகுது, மற்றது மாவாகுது. விரல் நுனியில ஒத்தி நக்கினன். ஆறு கிழமை கழிச்சுத் திரும்ப இரத்தம் குத்தோணும்.

மார்ச் 19
வெறும் வயித்தில போட்டு ஒரு மணித்தியாலத்துக்குத் தேத்தண்ணி இல்லை. இவர் உறிஞ்சிற சத்தம் கேட்டாலே பத்திக்கொண்டு வருது. கல்சியம் நாலு மணித்தியாலம் தள்ளி.

மார்ச் 27
குடை பிடிச்சுத்தான் மரைன் டிரைவ்ல நடந்தன். முழங்கைக்குக் கீழ சிவந்து எரியுது. நெஞ்சுக் குளிசைக்கு வெயில் ஆகாது. மச்சாள் பார்த்திட்டு, "கறுத்துப்போனியள்" எண்டா. கனகாலம் போட்டா சிலருக்கு நீலமாயும் வருமாம் எண்டன். தேத்தண்ணியும் குடிக்காமப் போயிட்டா.

ஏப்ரல் 14
வருசம். போனில எல்லாரும் அவரெண்டு நினைச்சுக் கதைக்கினம். என்ர குரல் அப்பிடிக் கட்டையாயிட்டுது.

ஏப்ரல் 20
நாடி 56! ஃபானை நானே போட்டன்.

ஏப்ரல் 22
இரவில காலி வீதி லைட்டுகளைச் சுத்தி வட்டம் வட்டமா. கண்ணுக்கும் துண்டு எழுதுவிக்கோணும்.

ஏப்ரல் 24
வறட்டு இருமல். கீழ் வீட்டில டைல் வெட்டுகினம், தூசிதான். இவர் கேக்கிறாரில்லை. இருமலோ இளைப்போ வந்தா உடன சொல்லுங்கோ எண்டு நெஞ்சுக் குளிசை தந்த டொக்டர் சொன்னது இவருக்கு மட்டும் மறக்குதில்லை. நாளைக்கு எக்ஸ்ரேக்காம்.